போகோ எஃப்1-ஐ விட்டு எதற்கு மாறுவது?

2018 ஆகஸ்டில் 20,999 ரூபாய்க்கு ஸ்னாப்டிராகன் 845 சிப் கொடுத்த போன் போகோ எஃப்1. அதே சிப்போடு வந்த ஒன்பிளஸ் 6 அன்றைக்கு 34,999 ரூபாய். பிளாஸ்டிக் முதுகு, தடித்த நாட்ச் என்று குறை சொன்னவர்கள்கூட வாங்கிப் போட்டார்கள். இன்றும் அதை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு இப்போது ஒரு வினோதமான சிக்கல். பன்னிரண்டு, பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கும் புதுப் போன் சில விஷயங்களில் கையில் இருக்கும் பழசைவிட மட்டமாக இருக்கும். "புதுசுன்னா வேகமாத்தானே இருக்கும்" என்ற கணக்கு இந்தப் போன்காரர்களுக்குப் பொருந்தாது. எதைப் பார்த்து மாற வேண்டும், எங்கே ஏமாறுவோம் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

முதலில், மாறத்தான் வேண்டுமா? எஃப்1 மேல் வரும் புகார்களில் பல பேட்டரியைப் பற்றியவை. முப்பது சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது, கேமராவைத் திறந்தால் சாகிறது என்றால் சிப் மேல் தப்பில்லை. பேட்டரி வயதாக ஆக அதன் உள்மின்தடை கூடும். கேமரா, கேம் என்று திடீரென மின்சாரம் அதிகம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். ஆக்யூபேட்டரி செயலியைப் போட்டு, 20 சதவீதத்திலிருந்து 80 வரை சார்ஜ் ஏற்றுங்கள். உள்ளே போனது 1,700 எம்ஏஎச் என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். அறுபது சதவீதத்துக்கு 1,700 என்றால் முழுக் கொள்ளளவு சுமார் 2,830. புதிதில் இது 4,000. எழுபது சதவீதம்தான் மிச்சம். ஒருமுறை அளந்ததை நம்பாமல் நாலைந்து சார்ஜ் பார்த்துச் சராசரி எடுங்கள். 3,200-க்குக் கீழே வந்தால் பேட்டரி மாற்றும் காலம்.

இந்தப் போனுக்கான பேட்டரி மாடல் பிஎம்4இ. மாற்றித் தரும் கடையில் ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ரேகை சென்சார் பின்மூடியில் இருக்கிறது, அதிலிருந்து மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று போர்டுக்குப் போகிறது. சூடு காட்டி, ஓரத்தில் கிளிப்பை விடுவித்து, மூடியைப் புத்தகம் திறப்பதுபோல் மெதுவாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கேபிள் அறுந்து ரேகை சென்சார் போய்விடும். பேட்டரி உப்பி மூடியே தூக்கிக்கொண்டிருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி மாற்றினாலும் தீராதது மென்பொருள். எஃப்1-க்கு கம்பெனி கொடுத்த கடைசி ஆண்ட்ராய்டு 10. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுவதை கூகுளே 2023 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசர் 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே இருக்கும் போன்களைக் கைவிட்டுவிட்டது. அடுத்த வெட்டு விழும்போது எஃப்1 வரிசையில் முன்னால் நிற்கும். வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கும் போனுக்கு இது சரிப்படாது.

"லினியேஜ் (ஆர்வலர்கள் செய்து தரும் ஆண்ட்ராய்டு) போட்டால் புது ஆண்ட்ராய்டு வந்துவிடுமே" என்பார்கள். வரும், நன்றாகவும் ஓடும். இந்தப் போனுக்கு இப்படி வெளியிலிருந்து ஆண்ட்ராய்டு செய்தவர்கள் அவ்வளவு பேர். ஆனால் அதைப் போட பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். திறந்த பூட்லோடரை கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுகொள்ளும், வங்கிச் செயலிகள் பல திறக்கவே மறுக்கும். அதை மறைக்கச் சில வழிகள் உண்டு, ஆனால் இன்று வேலை செய்வது அடுத்த மாதம் செய்யாது. பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு அந்த மறைப்பு வேலைக்குப் புது அப்டேட் தேடுவதில் ஒரு லாபமும் இல்லை. இரண்டாவது போனாக வைத்து விளையாட மட்டும் லினியேஜ்.

சரி, மாறுவது என்று முடிவாகிவிட்டது. இனி சிப்.

ஸ்னாப்டிராகன் 845-ல் பெரிய கோர்கள் (கனமான வேலையைச் செய்யும் பகுதிகள்) நான்கு, கார்டெக்ஸ் ஏ75 என்ற வடிவமைப்பின் அடிப்படையில் 2.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுபவை. சின்னக் கோர்கள் நான்கு. கிராபிக்ஸுக்கு அட்ரினோ 630. இப்போது பட்ஜெட் 5ஜி போன்களில் பரவலாகக் கிடைக்கும் டைமென்சிட்டி 6300-ஐப் பாருங்கள். பெரிய கோர் இரண்டே இரண்டு, ஏ76, 2.4 கிகாஹெர்ட்ஸ். மீதி ஆறும் சின்னவை. கிராபிக்ஸ் மாலி ஜி57, அதிலும் இரண்டு கோர்தான். வாட்ஸ்அப், யூடியூப், மேப் வரைக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிஜிஎம்ஐ கேமைத் திறந்தால் பழைய போன் முந்திவிடும். ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2-வும் இதே ரகம், இரண்டு பெரிய கோர், ஆறு சின்னது. இவற்றை வாங்கிவிட்டு "புதுப் போன் ஏன் திணறுது" என்று கேட்டுப் பயனில்லை.

ஆகவே எஃப்1-காரர்களுக்குச் சுருக்கமான விதி: ஏ78 அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய கோர் நான்கு இருக்க வேண்டும். டைமென்சிட்டி 7300, ஸ்னாப்டிராகன் 6 ஜென் 1, 7எஸ் ஜென் 2, 7எஸ் ஜென் 3 இவையெல்லாம் அந்த வரம்புக்குள் வரும். இவற்றிலும் கேமில் பெரிய பாய்ச்சலை எதிர்பார்க்காதீர்கள். அன்றாட வேலை சுறுசுறுப்பாகும், போன் சூடாவது குறையும், பேட்டரி நீடித்து நிற்கும். 845 பத்து நானோமீட்டர் சிப், இவை நான்கு நானோமீட்டர் (எண் குறைந்தால் மின்சாரச் செலவும் குறையும்), வித்தியாசம் அங்கேதான் தெரியும். கேமிலும் பாய்ச்சல் வேண்டும் என்றால் ஸ்னாப்டிராகன் 8எஸ் ஜென் 3, 8எஸ் ஜென் 4, டைமென்சிட்டி 8300, 8400 என்று மேலே ஏற வேண்டும். பெயரில் வரும் "எஸ்" என்ற எழுத்தைக் கவனியுங்கள். ஏழுக்குப் பக்கத்தில் எஸ் இருந்தால் அது முழு ஏழு இல்லை, ஒரு படி கீழே. கடைக்காரர் வாயில் அந்த எழுத்து மட்டும் வராது.

ஸ்டோரேஜில் நடக்கும் ஏமாற்று இதைவிட மோசம், ஏனென்றால் பெட்டியில் "128 ஜிபி" என்று மட்டும்தான் இருக்கும். எஃப்1-ல் இருந்தது யுஎஃப்எஸ் 2.1 என்ற வேகமான வகை. பத்தாயிரத்தை ஒட்டிய போன்கள் சிலவற்றில் இன்னும் இஎம்எம்சி 5.1 என்ற மெதுவான வகை வருகிறது. இஎம்எம்சியில் படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது, ஒன்று முடிந்தால்தான் மற்றது. பின்னணியில் ப்ளே ஸ்டோர் நாலு செயலிகளை அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் திறக்கத் தடுமாறுவது இதனால்தான். யுஎஃப்எஸ்ஸில் இரண்டும் சேர்ந்து நடக்கும். குறைந்தது யுஎஃப்எஸ் 2.2, முடிந்தால் 3.1. கம்பெனியின் தளத்தில் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தின் அடிவரைக்கும் போய்ப் பாருங்கள். அங்கே ஸ்டோரேஜ் வகையையே எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு அதுவே பதில்.

"8+8 ஜிபி ரேம்" என்று போட்டிருந்தால் ரேம் எட்டுதான். இன்னொரு எட்டு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. வேகமும் தராது, ஸ்டோரேஜின் ஆயுளையும் கொஞ்சம் தின்னும். செட்டிங்ஸில் அணைத்துவிடலாம்.

இனி அப்டேட். இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு எத்தனை முறை மாறும், பாதுகாப்புத் திருத்தம் எத்தனை வருடம் வரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் விளம்பரம் செய்கிறார்கள். இன்னொன்று, கணக்கு தொடங்குவது போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. நான்கு வருடத் திருத்தம் என்று சொல்லி வெளியான போனை, ஒன்றரை வருடம் கழித்து ஆஃபரில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை வருடம். விலை குறைந்த பழைய மாடலா, புது மாடலா என்று தடுமாறும்போது விலையை மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். 18,000 ரூபாய் போனுக்கு இரண்டரை வருடம் மிச்சம் என்றால் வருடத்துக்கு 7,200. 24,000 ரூபாய் போனுக்கு ஐந்து வருடம் மிச்சம் என்றால் 4,800. எஃப்1-ஐ இத்தனை வருடம் ஓட்டியவர் அடுத்ததையும் அப்படித்தான் ஓட்டுவார், ஆகவே இந்தக் கணக்கு அவருக்குத்தான் அதிகம் பொருந்தும். கூகுள் பிக்சல் 8-லிருந்தும் சாம்சங் எஸ்24-லிருந்தும் ஏழு வருடம் தருகிறார்கள். சாம்சங்கின் ஏ வரிசையில் ஏ16 5ஜி போன்ற மலிவான போனுக்கே ஆறு வருடம் அறிவித்தார்கள். ஆனால் மெதுவான சிப்பில் ஆறாவது வருட அப்டேட் எப்படி ஓடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மாறினால் இழப்பது என்னென்ன என்று பார்ப்போம். எஃப்1-ஐ நேசித்தவர்களுக்கு வலிக்கும் இடம் இதுதான்.

ஹெட்போன் துளை. இருபதாயிரத்துக்கு மேல் அது ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. டைப்-சி மாற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து ஐம்பது ரூபாய்க்கு ஒன்றை வாங்கினால் பாட்டே வராமல் போகலாம். காரணம், அந்த மலிவான மாற்றி வெறும் கம்பிதான். போன் தன் டைப்-சி துளை வழியாக அனலாக் ஒலியை அனுப்பினால் மட்டும் அது வேலை செய்யும். இப்போதைய போன்கள் பலவும் அனுப்புவதில்லை. உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றுவது) இருக்கும் மாற்றிதான் வேண்டும். அட்டையில் "டிஏசி" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், விலை சில நூறு ரூபாயாவது இருக்கும். சாதாரண மாற்றியைப் போட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜ் போட முடியாது.

மெமரி கார்டு. எஃப்1-ல் இரண்டாவது சிம் இருக்கும் இடத்தில் கார்டு போட்டு ஓட்டியவர்கள் புதுப் போனில் 256 ஜிபிக்குக் கீழே எடுக்க வேண்டாம். பெரும்பாலான போன்களில் பிற்பாடு கூட்டிக்கொள்ள வழியில்லை.

திரை. இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். எஃப்1-ல் இருந்தது ஐபிஎஸ் எல்சிடி. இப்போது இந்த வரம்பில் வருபவை பெரும்பாலும் அமோலெட். நிறம் அள்ளும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும், 120 ஹெர்ட்ஸ் வழுக்கும். ஆனால் பல அமோலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, நொடிக்குப் பல நூறு முறை அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சிலருக்கு மட்டும் அரைமணி நேரத்தில் தலை கனக்கும், கண் எரியும். எட்டு வருடம் எல்சிடியில் பழகியவருக்குத் தான் அந்தச் சிலரில் ஒருவரா என்பதே தெரிந்திருக்காது. சோதிக்க வழி சுலபம். கடையில் டெமோ போனின் வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்குங்கள். உங்கள் எஃப்1 கேமராவில் மேனுவல் மோடுக்குப் போய் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோய், அந்தத் திரையைக் காட்டுங்கள். அகலமான கறுப்புப் பட்டைகள் ஓடினால் மெதுவாகத் துடிக்கும் திரை. பட்டை மெல்லிசாக, மங்கலாக இருந்தால் பரவாயில்லை. 2,160 அல்லது 3,840 ஹெர்ட்ஸ் டிம்மிங் என்று போட்டிருப்பவை பொதுவாகத் தொந்தரவு குறைவு. தலைவலிப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது ஒருவருடைய அமோலெட் போனை இரவில் ஒரு மணி நேரம் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வளைந்த விளிம்புத் திரையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சாதாரண டெம்பர்ட் கிளாஸ் ஒட்டாது. புற ஊதா விளக்கு காட்டி இறுக்கும் பசை ஊற்றி ஒட்டுவார்கள். அந்தப் பசை காதுபக்க ஸ்பீக்கருக்குள் இறங்கினால் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

முகத்தைக் காட்டித் திறப்பது எஃப்1-ல் அகச்சிவப்பு விளக்கோடு வந்தது, கும்மிருட்டிலும் திறக்கும். இந்த விலையில் இப்போது வருவது வெறும் முன் கேமரா. இருட்டில் திணறும், பாதுகாப்பும் குறைவு. ரேகைக்கே பழகிக்கொள்ள வேண்டும்.

அழைப்புப் பதிவு இன்னொன்று. எஃப்1-ல் இருந்த ஷாவ்மியின் எம்ஐயூஐ மென்பொருளின் டயலர் சத்தமில்லாமல் பதிவு செய்யும். கூகுள் டயலரோடு வரும் போன்களில் பதிவு தொடங்கியதும் இரு பக்கமும் அறிவிப்புக் குரல் கேட்கும். வியாபாரத்தில் இருப்பவர்கள், ஆர்டரை வாய்மொழியாக எடுப்பவர்கள் இதற்காகவே பழைய போனை விடாமல் இருக்கிறார்கள். பிராண்டின் சொந்த டயலர் இருக்கும் போன்களில் பொதுவாக அறிவிப்பு வராது. டெமோ போனில் டயலர் யாருடையது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேமராவைப் பற்றி இரண்டு வரி போதும். எஃப்1-ன் சோனி ஐஎம்எக்ஸ்363 சென்சார், பிக்சல் 3-லும் இருந்த அதே சென்சார். அதனால்தான் கூகுளின் கேமரா செயலியான ஜிகேமைப் போட்டதும் அந்தப் போன் வேறு ஆளாக மாறியது. இன்றைய போனில் 50 மெகாபிக்சலையும் 108-ஐயும் விட்டுவிட்டு, முதன்மைக் கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் இருக்கிறதா, வீடியோ 4கே-யில் எடுக்குமா என்று மட்டும் பாருங்கள். எஃப்1 அப்டேட்டுக்குப் பிறகு 4கே-யில் 60 ஃப்ரேம் எடுத்தது. இன்று இருபதாயிரம் ரூபாய் போன்கள் பல 4கே 30-ஓடு நின்றுவிடும். 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் எல்லாம் எண்ணிக்கைக்கு.

5ஜி வாங்கும்போது பேண்ட் (அலைவரிசை) பட்டியலைப் பாருங்கள். ஜியோ தனித்து நிற்கும் 5ஜி, அதாவது எஸ்ஏ முறை. என்78, என்28 இரண்டிலும் ஓடுகிறது. என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், சுவரைத் தாண்டி உள் அறை வரை வருவது அதுதான். ஏர்டெல் பெரும்பாலும் 4ஜி மேல் ஏறி வரும் என்எஸ்ஏ முறையில் என்78-ல் தொடங்கியது. இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கும் போன்களில் இவை இருந்துவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வரும் போன்களில்தான் என்28 விடுபடும், சிலவற்றில் வோல்ட்டே (4ஜி வழி) அழைப்பே போகாது. ஜியோவில் வோல்ட்டே இல்லையென்றால் சாதாரண அழைப்பே கிடையாது.

எடையும் அளவும் காகிதத்தில் தெரியாது, கையில்தான் தெரியும். எஃப்1 6.18 அங்குலம், 182 கிராம். அதன் நேரடி வாரிசாக 2025 ஜூனில் வந்த போகோ எஃப்7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 8எஸ் ஜென் 4 சிப், 7,550 எம்ஏஎச் பேட்டரி, 6.83 அங்குலத் திரை, 222 கிராம். வேகத்திலும் பேட்டரியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டைப் பையில் போட்டுக் குனிந்தால் பை கிழிகிற கனம். கேம்தான் முக்கியம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான், மற்றவர்களுக்கு இல்லை.

கை பழகிய அதே எடை வேண்டும், மெமரி கார்டும் வேண்டும் என்றால் சிஎம்எஃப் போன் 2 ப்ரோ. 185 கிராம், டைமென்சிட்டி 7300 ப்ரோ, 5,000 எம்ஏஎச், இரண்டாவது சிம் இடத்தில் கார்டு. மூன்று ஆண்ட்ராய்டு மாற்றம், ஆறு வருடத் திருத்தம் என்று 2025 ஏப்ரலில் 18,999 ரூபாயில் தொடங்கியது. ஹெட்போன் துளை இல்லை, வீடியோ 4கே 30 வரைதான். எஃப்1-ஐ விளம்பரமில்லாத எளிய போனாக நினைத்து வாங்கி, எம்ஐயூஐ விளம்பரத்தில் நொந்தவர்களுக்கு இதன் மென்பொருள் நிம்மதி.

ஜிகேம் பைத்தியங்கள் நேரே பிக்சல் 9ஏ பக்கம் போகிறார்கள். 6.3 அங்குலம், 186 கிராம், ஏழு வருட அப்டேட். இந்த அளவில் கைக்கு அடங்கும் போன்கள் குறைவு. ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: 200 சார்ஜ் சுழற்சி தாண்டியதும் பேட்டரியின் உச்ச வோல்டேஜை போன் தானாகவே படிப்படியாகக் குறைக்கத் தொடங்கும், 1,000 சுழற்சி வரை. இதை அணைக்க முடியாது. தினம் ஒரு முழு சார்ஜ் போடுபவருக்கு ஆறேழு மாதத்திலேயே தொடங்கிவிடும். கேமுக்கும் இது ஆகாது.

விலைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 இறுதியிலிருந்து மெமரி சிப் விலை ஏறி, போன் விலைகளும் ஏறுகின்றன. "கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும்" என்ற பழைய வழக்கம் இப்போது எடுபடாது.

எஃப்1-ன் 18 வாட் க்விக் சார்ஜ் 3 சார்ஜரை வைத்தே ஓட்டலாம் என்று நினைத்தால் பல போன்களில் ஊர்ந்துதான் ஏறும். பெட்டியில் சார்ஜர் இல்லையென்றால் பிடி, பிபிஎஸ் என்ற சார்ஜ் முறைகள் இரண்டும் எழுதியிருக்கும் சார்ஜர் ஒன்றை வாங்குங்கள், வீட்டில் அடுத்து வரும் போனுக்கும் ஆகும்.

கடையில் பில் போட்ட பிறகு, கிளம்புமுன் செய்ய வேண்டியவை. *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று மூன்று எழுத்து அடித்து, இடம் விட்டு அந்த 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது எந்த பிராண்ட், எந்த மாடல் என்று பதில் வரும். சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் இளஞ்சிவப்பு என்று தெரிந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். பிறகு யாரையாவது அழைத்துப் பேசுங்கள். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் காதருகே வைத்தால் திரையை அணைக்கும் சென்சார் நிஜமாக இருக்காது, அசைவை வைத்து மென்பொருள் ஊகிக்கும். பேச்சு நடுவில் திரை எரிந்து, கன்னம் பட்டு மியூட் விழும். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று தினம் கத்துவதைவிட இரண்டு நிமிடம் அங்கேயே சோதிப்பது மேல்.

வீட்டுக்கு வந்ததும் பழைய போனிலிருந்து சிம்மை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். வரிசை முக்கியம். முதலில் இரண்டு போனையும் ஒரே வைஃபையில் வைத்து, டைப்-சி கேபிளால் இணைத்து, புதுப் போனின் ஆரம்ப அமைப்பிலேயே தரவை நகர்த்துங்கள். செயலி, தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, படங்கள் வந்துவிடும். வாட்ஸ்அப்புக்கு கூகுள் டிரைவ் பேக்கப் தேவையில்லை. அது இப்போது உங்கள் 15 ஜிபி கணக்கிலேயே கழியும். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ். புதுப் போனில் வாட்ஸ்அப்பை அதே எண்ணில் பதிந்ததும் க்யூஆர் வரும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்தால் படம், வீடியோ உட்பட நேரடியாகப் போகும். இருப்பிட அனுமதி அணைந்திருந்தால் இணைப்பே பிடிக்காது, பலர் மாட்டுவது அங்கேதான்.

தானாக வராதவை எம்ஐயூஐக்கே உரியவை. டூயல் ஆப்ஸில் இருக்கும் இரண்டாவது வாட்ஸ்அப், செகண்ட் ஸ்பேஸ், கேலரியின் மறைத்து வைத்த ஆல்பம், நோட்ஸ் செயலியின் குறிப்புகள். இவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது வாட்ஸ்அப்புக்கும் அதே டிரான்ஸ்ஃபர் வழி. மறைத்த படங்களை முதலில் சாதாரண ஆல்பத்துக்குக் கொண்டுவாருங்கள். அழைப்புப் பதிவுகள் எம்ஐயூஐ ஃபோல்டருக்குள் சவுண்ட் ரெக்கார்டர் என்பதில் இருக்கும், அந்த ஃபோல்டரை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். உள்நுழைவுக் குறியீடு தரும் கூகுள் அத்தென்டிகேட்டர் வைத்திருந்தால் எக்ஸ்போர்ட் போட்டு க்யூஆர் மூலம் மாற்றியான பிறகே அடுத்த படி. அதை மறந்து பழைய போனை அழித்தவர்கள் தங்கள் கணக்குகளுக்குள் நுழையப் படும் பாடு பெரும்பாடு.

இப்போது சிம்மை மாற்றுங்கள். யுபிஐ செயலி புதுப் போனிலிருந்து வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் உங்களை உறுதி செய்யும். அது வங்கியில் பதிந்த எண்ணிலிருந்தே போக வேண்டும், அந்த சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் ரீசார்ஜ் இருக்க வேண்டும். வெறும் இன்கமிங்குக்காக வைத்திருக்கும் சிம் இங்கே மாட்டிக்கொள்ளும். பின் நம்பர் பழையதே போதும். புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். ஆகவே வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டும் நாளில் போன் மாற்றாதீர்கள்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், ஒரு வாரமாவது இரண்டையும் வைத்திருந்து எதுவும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகே அழியுங்கள். எக்ஸ்சேஞ்ச் தொகை பெரிதாக வராது, அதற்காக அவசரப்படவும் வேண்டாம். அழிக்குமுன் மெமரி கார்டைக் கழற்றி, கூகுள் கணக்கை நீக்கி, அடுத்து ஷாவ்மியின் மி கணக்கிலிருந்து வெளியேறி, ஃபைண்ட் டிவைஸ் அணைந்துவிட்டதா பாருங்கள். கடைசியில்தான் ஃபேக்டரி ரீசெட். இந்த வரிசை தப்பி, ரிகவரி மெனு வழியாக நேரே ரீசெட் போட்டால் போன் மறுபடி எழும்போது மி கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். 2018-ல் போட்ட அந்த பாஸ்வேர்டு நினைவில் இல்லை, அதற்குக் கொடுத்த எண்ணும் இப்போது இல்லை என்றால், வாசலில் வந்து நிற்கும் எக்ஸ்சேஞ்ச் ஆள் போனை வாங்காமல் திரும்பிவிடுவார்.